மந்திரித்த மண்

குழந்தை ஒரு கிலோ முந்நூறு கிராம் இருந்தது. நிறுத்துச் சொன்னவர் மளிகைக் கடை கியாசுதீன். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் போவதற்கு முன் கைத்தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு பாலக்கரையில் இருந்த அந்த ஸ்டோருக்கே வந்துவிடுவார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே குழாயைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக ஆறு குடித்தனம். தட்டில் பஞ்சை விரித்து, பஞ்சின் எடையைக் கழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். பருப்பு நிறுக்கும்போது இந்த அக்கறையை யாரும் அவரிடம் கண்டதில்லை.

போன வாரத்தைவிட நாற்பது கிராம் கூடுதல் என்றார். ரங்கநாயகி சட்டென்று குழந்தையை எடுத்து ரவிக்கைக்குள் விட்டு, மேலே புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். நாற்பது கிராம் என்பது ஒரு பிடி கடுகு. அந்த ஒரு பிடியை ஏற்றுவதற்கு ஏழு நாள் ஆகியிருந்தது.

ரங்கநாயகிக்கு அப்போது அறுபத்தாறு வயது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரி. இளம் வயதில் கணவனை இழந்து, ஊரும் உறவும் வாய்க்கு வந்தபடி பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படித்து, திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அதே பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள் அற்புதம்மாள். ஒருத்தி தயிர்சாதம், ஒருத்தி மீன்குழம்பு. ஆனாலும் முப்பத்தொரு வருஷமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ரங்கநாயகி வாரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி வந்து இந்த ஸ்டோரின் மூன்றாவது குடித்தனத்தில் அற்புதம்மாளோடு அரட்டை அடித்துவிட்டுப் போவாள். இப்போது ஒரு மாதமாக தினமும் வந்தாள்.

நான்காவது குடித்தனத்தில் இருந்தது லூர்துராணி. இவர்கள் இரண்டு பேரிடமும் படித்த பெண். அநாதை இல்லத்தில் வளர்ந்த சகாயநாதனைக் கட்டிக்கொண்டாள் என்று லால்குடிப் பக்கத்து அப்பன் வீடு தலைமுழுகிவிட்டது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. சகாயநாதன் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். நல்ல பையன், ஆனால் பிரசவ அறைக்கு வெளியே நிற்கத் தெரியுமே தவிர அதற்குமேல் ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும். ஏழாம் மாதமே வலி எடுத்தபோது அவளை ரிக்‌ஷாவில் ஏற்றியதும், ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் காவல் இருந்ததும், இதற்கு மேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னபோது குழந்தையை வாங்கிக்கொண்டதும் இந்த இரண்டு கிழவிகள்தான்.

சூடு விடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். கார்த்திகை மழை விட்டு மார்கழிக் குளிர் இறங்கிக்கொண்டிருந்த நேரம். பகல் முழுக்க ரங்கநாயகியின் மார்பு, இருட்டினால் அற்புதம்மாளின் மார்பு, நடுவில் தாயிடம் பால். பால் என்றால் சப்பிக் குடிக்கிற பால் இல்லை. அந்த வாய்க்கு அவ்வளவு தெம்பு ஏது. பாலாடையில் பீய்ச்சி, பஞ்சில் நனைத்து, சொட்டுச் சொட்டாக. லூர்துராணிக்குப் பால் ஊற வேண்டும் என்று ரங்கநாயகி தானே பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்தாள். அதுவரை பூண்டைக் கையால் தொட்டறியாதவள். நகத்தில் ஏறிய வாசனை ஸ்ரீரங்கம் போய்க் குளித்த பிறகும் போகவில்லை என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் விரலை முகர்ந்துகொண்டே வந்தாள். தினமும் கோயிலுக்குப் போகிறவள், இந்த ஒரு மாதமாக வெளியே நின்று கோபுரத்தைச் சேவித்துவிட்டுத் திரும்பினாள்.

இத்தனைக்கும் நடுவில் குழந்தைக்குப் பேர் வைக்கவில்லை. ஞானஸ்நானமும் ஆகவில்லை. அதுதான் அற்புதம்மாளின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லூர்துராணிக்கு முதல் குழந்தை செத்தே பிறந்தது. உயிர் இருக்கும் உடம்புக்குத்தான் ஞானஸ்நானம். அது இல்லாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணில் இடம் இல்லை. இப்போது மேலிடத்தில் என்னென்னவோ மாற்றியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. மதிலுக்கு வெளியே, ஓணான் ஓடுகிற புதர் ஓரமாக, சகாயநாதன் ஒரு சோப்புப் பெட்டியில் வைத்துத் தன் கையாலேயே தோண்டிப் புதைத்தான். சிலுவை நடக் கூடாது. மண்ணைக்கூட மேடாக்கவில்லை. அடுத்த கல்லறைத் திருநாளன்று ஊரே உள்ளே மாலையும் மெழுகுவர்த்தியுமாக நின்றபோது லூர்துராணி வெளியே வந்து, எந்த இடம் என்று தெரியாமல், மதில் நெடுக எட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தாள். காற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. அதைப் பார்த்தவள் அற்புதம்மாள்.

அப்படிப்பட்ட லூர்துராணி இந்தக் குழந்தைக்கு முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஆஸ்பத்திரி வார்டில், பிழைக்காது என்று தெரிந்த கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு நர்ஸ் சிஸ்டர் ஒருவர் அவசர ஞானஸ்நானம் கொடுப்பார். லூர்துராணி படுத்துக்கொண்டே பார்த்தாள். முதல் நாள் எதிர்க் கட்டில் குழந்தை. தண்ணீர் ஊற்றினார்கள், சாயந்திரம் போய்விட்டது. மூன்றாம் நாள் ஜன்னலோரக் குழந்தை, அதுவும் போயிற்று. ஆறாம் நாள் பக்கத்துக் கட்டில். சாகப்போகிற குழந்தைக்குத்தான் ஊற்றுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று முறை கண்ணால் கண்டவளிடம் நியாயம் பேசி என்ன பயன். சிஸ்டர் கிண்ணத்தோடு தன் கட்டில் பக்கம் வந்தபோது லூர்துராணி குழந்தையை அணைத்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிழவிகளின் கையையும் பிடித்து வாக்கு வாங்கினாள். பங்குச்சாமியார் சொல்லிவிட்டார்: ஒன்றே முக்கால் கிலோ ஆகட்டும், கோயிலுக்கு எடுத்து வாருங்கள், பூசை முடிந்து நன்றாகவே செய்துவிடலாம் என்று. அதுவரை யாரும் இந்தத் தலையில் ஒரு சொட்டு விடக் கூடாது என்றாள். பேரும் அன்றைக்குத்தான்.

"வாக்குக் கொடுங்க டீச்சர். நீங்க குடுத்தா மாற மாட்டீங்க."

ரங்கநாயகி கொடுத்தாள். அற்புதம்மாளும் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினாள். ஆனால் பின்னால் குழாயடியில் நின்று தோழியிடம் சண்டை பிடித்தாள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், சாமியார்தான் வேண்டும் என்பதில்லை, கிறிஸ்தவளாகக்கூட இருக்க வேண்டாம், தண்ணீரும் வாசகமும் நல்ல மனசும் இருந்தால் போதும். லூர்துராணி தூங்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டால் நமக்கும் நிம்மதி, குழந்தைக்கும் பாதுகாப்பு, பிறகு கோயிலில் செய்கிறதை ஊருக்காகச் செய்துகொள்ளட்டும் என்று மன்றாடினாள்.

"வாக்குக் கொடுத்துட்டு முதுகுக்குப் பின்னாடி பண்றதா? நான் இருக்கறவரைக்கும் அது நடக்காது, அற்புதம்," என்றாள் ரங்கநாயகி.

முப்பத்தொரு வருஷம் வகுப்பில் பேசிய குரல் அது. அற்புதம்மாள் அடங்கிப்போனாள். ரங்கநாயகிக்கு அன்றைக்குத் தன் நேர்மையைப் பற்றி உள்ளூர ஒரு பெருமை இருந்தது. சொல்லாமல் விடக் கூடாது, இருந்தது.

வெள்ளிக்கிழமை நிறுத்ததற்கு நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல். சகாயநாதன் பட்டறைக்குப் போயிருந்தான். லூர்துராணி மூன்று நாளுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்தாள். அற்புதம்மாள் தன் குடித்தனத்தில் குழந்தைக்குப் புதுச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். பழையது அக்குளில் பிடிக்கிறது என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ரங்கநாயகி சுவரில் சாய்ந்து, மார்பில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

குழந்தைக்கு அவ்வப்போது மூச்சு நின்றுபோகும். குறைமாதக் குழந்தைக்கு அது உண்டு என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி இழுக்கும். ஒரு மாதத்தில் நாற்பது ஐம்பது தடவை சுண்டியிருப்பார்கள். அதனால் அன்றைக்கு மார்புக்கு மேலே அந்தச் சின்ன அசைவு நின்றபோது ரங்கநாயகி பதறவில்லை. காலை எடுத்துச் சுண்டினாள். அசையவில்லை. இன்னொரு காலில் சுண்டினாள். முதுகைத் தடவினாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். உதடு நாவல் பழம் தின்ற வாய்போல நீலமாக இருந்தது.

அப்போது அவளுக்கு இரண்டு வேலை தெரிந்தது. ஒன்று, மூலையில் இருந்த பானை. இன்னொன்று, கையில் இருந்த குழந்தை. பானை எட்டு அடி தள்ளி இருந்தது. அவள் பானையைப் பார்த்தாள், பிறகு குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். வாக்கு நினைவுக்கு வந்ததாலா, எப்படியும் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையாலா, தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று அந்தப் பெண்ணின் பயம் இவளுக்கும் ஒட்டிக்கொண்டதாலா, அவளுக்கே கடைசிவரை தெரியவில்லை. ஊதினாள், சுண்டினாள், கவிழ்த்துத் தட்டினாள். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. கை ஓய்ந்தபோது குழந்தையின் கழுத்து அவள் விரலுக்கு அடங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கணவனையும் மாமியாரையும் இரண்டு மச்சினன்மாரையும் கிடத்தியவள் அவள். போன உடம்பு எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் எழுந்துபோய்ப் பானையில் கைவிட்டாள். மூன்று முறை அள்ளி அந்தத் தலையில் விட்டாள். பள்ளிக்கூடக் காலை ஜெபங்களில் கேட்டுக் கேட்டுப் பாடமாகிப்போன பழைய சொற்கள் தாமாக வந்தன. "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கறேன்." தண்ணீர் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போயிற்று. கண் சிமிட்டவில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் அற்புதம்மாள் நின்றிருந்தாள். கையில் கத்தரிக்கோல். எப்போது வந்தாள் என்று ரங்கநாயகி கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே, கழுத்து சாய்ந்ததற்கு முன்னாலேயே வந்து நின்றிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது.

லூர்துராணி எழுந்துவிட்டாள். அழுவாள், அடித்துக்கொள்வாள், ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று சட்டையைப் பிடிப்பாள் என்று ரங்கநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ஈரத் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு கிழவியின் முகத்தையே பார்த்தாள். ஒரு மாதமாக எதை வேண்டாம் என்று கும்பிட்டாளோ அதைத்தான் கேட்டாள்.

"டீச்சர், ஊத்தறப்ப உசிரு இருந்துச்சா?"

ரங்கநாயகிக்கு மதில் கண்ணில் பட்டது. அவள் பார்த்திராத மதில். தோழி சொல்லக் கேட்டதுதான். எட்டு மெழுகுவர்த்தியும் அணைந்த மதில். இந்தப் பெண் இனி இரண்டு குழந்தைக்கும் சேர்த்து அதன் ஓரமாகவே நடப்பாள். தான் பேசிய பெரிய நேர்மையினால்தான் நடப்பாள்.

"இருந்துது," என்றாள். "முழிச்சுப் பார்த்துது. அப்புறம்தான் போச்சு."

அப்போதுதான் லூர்துராணி அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பங்குச்சாமியார் கோயில் அலுவலறையில் தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். சாமியாருக்கு உதவியாகப் பக்கத்தில் நின்ற உபதேசியார் வேறு, ஸ்ரீரங்கத்துப் பிராமண அம்மாள் கொடுத்த ஞானஸ்நானமா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். என்ன தண்ணீர் என்று கேட்டார் சாமியார். குடி தண்ணீர் என்றாள் ரங்கநாயகி. என்ன வாசகம் என்று கேட்டார். சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. உபதேசியாரின் முகம் கொஞ்சம் நேரானது.

"உயிர் இருந்ததாம்மா?"

"இருந்தது."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அற்புதம்மாளின் பக்கம் திரும்பினார். ரங்கநாயகியும் திரும்பிப் பார்த்தாள். தான் பொய் சொல்வது தன் கணக்கு. பெருமாளிடம் எப்படியாவது பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வி தோழிக்கும் வரும் என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.

"நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"வாசல்ல நின்னேன் சாமி," என்றாள் அற்புதம்மாள். "பாத்தேன். உசிரு இருந்துச்சு."

சாமியார் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மேலே கேட்க அவருக்கு இன்னும் எத்தனையோ இருந்திருக்கும். கேட்கவில்லை. பேனாவைத் திறந்து, குழந்தைக்கு என்ன பேர் என்றார்.

பேர் வைக்காமலே தண்ணீர் ஊற்றியது அப்போதுதான் ரங்கநாயகிக்கு உறைத்தது. ஆனால் டீச்சர் இல்லையா, வருகைப் பதிவேடும் விண்ணப்பத் தாளும் மனசில் அடுக்கி வைத்தவை. பதினாலு வருஷத்துக்கு முன் லூர்துராணியைப் பள்ளியில் சேர்த்த விண்ணப்பத்தில் தாயார் பெயர் என்ற இடத்தில் இருந்ததைத் தயங்காமல் சொன்னாள். "இருதயமேரி."

குழியருகே சாமியார் அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்தபோது லூர்துராணி நிமிர்ந்து பார்த்தாள். செத்துப்போன தன் அம்மாவின் பேர், தன் குழந்தையின் பேராக, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி. அவள் அந்தப் பேரைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். மதிலுக்கு உள்ளே, வேப்பமரத்துக்கு நாலு அடி தள்ளி, மந்திரித்த மண்ணில், கியாசுதீன் கடையிலிருந்து வந்த நல்ல பலகைப் பெட்டியில் குழந்தை இறங்கியது. மேடு போட்டார்கள். சிலுவை நட்டார்கள். சகாயநாதன் தன் கையால் தோண்ட வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஆள் இருந்தது.

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு லூர்துராணி வரச் சொன்னதால் ரங்கநாயகியும் போனாள். கடைசிப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சகாயநாதன் ஆண்கள் பக்கம். சாமியார் கையால் அப்பமாக நன்மை வாங்குகிற நேரம் மணி அடித்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து வரிசையில் போனார்கள். லூர்துராணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அற்புதம்மாள் எழுந்திருக்கவில்லை.

"அற்புதம்மா, வரலியா?"

"முட்டி புடிச்சிக்கிச்சும்மா. நீ போய்ட்டு வா."

ஸ்டோரிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்து வந்த முட்டி. ரங்கநாயகிக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் இருந்தவள். சாமியாரிடம் தனியே பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில் பெரிய பாவம் ஒன்றை மறைத்தவர்கள் நன்மை வாங்கக் கூடாது. அப்படி மறைத்த பெண்கள் பூசையில் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஏழு வயதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வாங்கியவள் அற்புதம்மாள். காய்ச்சலோடு போய் வாங்கியவள்.

"சாமியார்ட்ட சொல்லிடேன், அற்புதம்," என்று காதோடு சொன்னாள் ரங்கநாயகி. "வெளில சொல்ல மாட்டார்னு நீதானே சொல்லுவே. மன்னிச்சுடுவார்."

அற்புதம்மாள் பீடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மன்னிப்பு வேணும்னா மொதல்ல வருத்தப்படணும் டீச்சர். நேத்து ராத்திரி பூரா முட்டி போட்டுப் பாத்தேன். எனக்கு வருத்தமே வரல."

வரிசை நகர்ந்து லூர்துராணி முன்னே போய் நின்றாள். வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி திரும்பி வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் முழங்காலிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் கொஞ்சம் அமைதி இருந்தது.

அற்புதம்மாள் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். லூர்துராணியின் இரண்டு பையன்களுக்கும் சட்டை தைத்துப் போட்டாள், ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் மணி அடித்ததும் அவளுக்கு முட்டி வலித்தது.